கத்திக்கு ஒரு பரீட்சை

ஆயுத பூசையன்று நம் இல்லத்திலும் வழக்கம்போல் பலகையிட்டு, நூல்களோடு வீட்டுக் கருவிகளையும் வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டிட்டோம். மண்வெட்டி, துருவலை, கத்தரிக்கோல், சம்மட்டி என்று நீண்ட வரிசையின் கடைசியில் ஒரு கத்திப்பிடியும் இருந்தது. பிடி மாத்திரந்தான், அலகு இல்லை.

"முறிஞ்ச சாமானுக்கும் பூசையோ அப்பா?" என்று பத்து வயது மகன் கேட்டான்.

பூசை வேளையில் அவனுக்கு விளக்கம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பிடி நம் வீட்டுக்கு வந்த கதையை நேயர்களுக்கு இவ்வாரம் சொல்லிவிடலாம் என்று எண்ணுகின்றோம். கடைக்குப் போய் ஒரு கத்தி வாங்கும் எவருக்கும் அதில் சிறிது பிரயோசனம் இருக்கும்.

உப்புவெளிப் பக்கத்தில் நமக்கு அறிமுகமான மீனவர் ஒருவர் இருக்கின்றார். ஐம்பது வயதைக் கடந்தவர். அவருடைய மூத்த பிள்ளை நம்மிடம் படித்தவன். சென்ற கச்சான் காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, ஓடும் படகிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தபோது கயிற்றின் சுருளொன்று அவரது கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. வலை கடலுக்குள் விரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. காற்றோ படகை வெளிக்கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கயிற்றுக்குள் நுழைத்து ஒரு நெம்பு நெம்பினாராம். அலகு கடலுக்குள் விழுந்தது. பிடி கையில் நின்றது. படகின் பின்புறத்தில் இருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்து வேறொரு கத்தியால் கயிற்றை அறுத்திராவிட்டால், இந்தக் கதையைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார். கணுக்காலில் கயிறு அறுத்த தழும்பு இன்றும் வளையம்போல் தெரிகின்றது.

சில நாட்களின் பின் அந்தப் பிடியை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். "மாஸ்டர், நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிற ஆள். வெட்டுமோ எண்டு கடையிலயே பாத்து வாங்கலாம். முறியுமோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?" என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளாகப் பரீட்சை வைத்தே வாழ்க்கை நடத்திவரும் நமக்கு அக்கேள்விக்கு உடனே விடை வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு காரணமும் உண்டு. நாம் மாணவராயிருந்த 1990ஆம் ஆண்டுகளில், இந்நகரின் சோதனைச் சாவடியைத் தாண்டும் புத்தகப் பையில் பென்சில் சீவும் சிறு கத்தி இருந்தாலும் பெற்றோருக்கு நெஞ்சு இடிக்கும். கத்தி என்றால் அச்சப்பட வேண்டிய பொருள் என்று கற்றுக்கொண்டோமே தவிர, நல்ல கத்தி எது, தீய கத்தி எது என்று பார்க்கப் பழகவில்லை. நம் பாட்டனார் காலத்தில் சந்தையில் கத்தி வாங்குபவர் நகத்தால் அலகைச் சுண்டி ஓசை கேட்டு வாங்குவார். அந்தப் பழக்கம் நம்மோடு அற்றுப்போயிற்று.

ஆகவே ஓகஸ்ட் விடுமுறையில் பரீட்சை ஒன்றை நடத்துவதென்று தீர்மானித்தோம். மடக்குக்கத்திகளை விலக்கிவிட்டோம். அவற்றில் அலகும் பிடியும் ஓர் ஆணியிலே கூடுகின்றன. பலவீனம் அங்கேதான் என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரியும். உறையிலிட்டு இடுப்பில் கட்டும் கத்தியில் அலகின் இரும்பே ஒரு வாலாக நீண்டு பிடிக்குள் செல்கின்றது. கடலுக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் அதையே நம்புகின்றார்கள். விலையுயர்ந்தவற்றையும் விலக்கினோம். கடலில் கத்தி கைதவறுவது சாதாரணம். விழுந்தால் வயிறெரியும் விலையில் கத்தி வைத்திருப்பவன் அவசரத்தில் அதை உருவத் தயங்குவான்.

பரீட்சைக்கு வந்தவை நான்கு.

முதலாவது, மீனவரைக் கைவிட்ட அதே வகைக் கத்தி. நகரக் கடையொன்றில் 2,500 ரூபாவுக்கு வாங்கினோம். கண்ணாடிபோல் பளபளக்கும் அலகு, அதன் முதுகில் வாள்போன்ற பற்கள், பிடியின் அடியில் ஒரு சிறு திசையறி கருவி. மூடியைத் திருகினால் பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டிலும் வைக்க இடம். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் நாயகன் இத்தகைய தோற்றமுள்ள கத்தியை ஏந்தி வந்த நாள்முதல், உலகெங்கும் மலிவான போலிகள் பெருகின. இதுவும் அவற்றில் ஒன்று.

இரண்டாவது, ஊர்க் கொல்லர் ஒருவர் லொறியின் பழைய வில்லுத்தகட்டில் அடித்துத் தந்தது. கருநிறம், சுத்தியல் தழும்பு, முதிரைமரப் பிடி. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது, நோர்வேயில் வாழும் நம் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது தந்தது. சுவீடன் நாட்டில் மோரா என்னும் ஊர்ப்பக்கத்தில் செய்யப்படும் கத்தி. அங்கே 1891ஆம் ஆண்டுமுதல் கத்தித் தொழிற்சாலை இருந்து வருகின்றது. ஸ்கந்திநேவிய நாடுகளில் தச்சரும் கட்டட வேலைக்காரரும் மீனவரும் நாள்தோறும் இடுப்பில் கட்டுவது இதுவேயாம். பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை, இரண்டரை மில்லிமீற்றர் தடிப்புள்ள அலகு. அந்நாட்டுச் சம்பளத்துக்கு அது மிக மலிவான சாமான்.

நான்காவது, காலஞ்சென்ற நம் தந்தையார் பழைய அரமொன்றைச் சாணையிற் பிடித்துத் தாமே செய்த கத்தி. முப்பது ஆண்டுகளாக மேசை இழுப்பறையில் கிடந்தது. அவர் அதனால் பென்சில் சீவுவார், தோல் அறுப்பார், நூலால் கட்டிய பொதிகளைப் பிரிப்பார். "இதால வெட்டு, அடியாத" என்று நமக்குச் சிறுவயதில் சொல்லியிருந்தார். ஏன் என்று நாம் கேட்டதில்லை.

பரீட்சைக்கு முன் பாடம் ஒன்று உண்டு. உருக்குக்கு வேண்டிய குணங்கள் இரண்டு. ஒன்று கடினம், மற்றொன்று உரம். அலகு கீறலுக்கும் தேய்வுக்கும் இடங்கொடாதிருப்பது கடினம். அடியையும் வளைவையும் தாங்கி முறியாதிருப்பது உரம். கண்ணாடி மிகக் கடினமானது, ஆயினும் ஓர் அடிக்குத் தாங்காது. ஈயத்தை எவ்வளவு அடித்தாலும் முறியாது, ஆயினும் அதற்குக் கூர் நில்லாது. இவ்விரு குணங்களும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

கொல்லர் செய்வது இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சமரசம். அலகைச் செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயில் சட்டென்று தோய்க்கின்றார். அப்போது அது கண்ணாடிபோல் கடினமாகின்றது. கீழே போட்டால் உடைந்துவிடவும் கூடும். பிறகு அதை மீண்டும் மெல்லச் சூடாக்குகின்றார். தேய்த்துத் துலக்கிய அலகின்மேல் முதலில் வைக்கோல் நிறம் படரும். பிறகு கபிலம், அதன்பின் ஊதா, இறுதியில் நீலம். வைக்கோல் நிறத்தில் ஏறத்தாழ 220 பாகை செல்சியசு. நீலத்தில் ஏறத்தாழ 300. வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கடினம் மிகுதி. நீலத்தில் நிறுத்தினால் உரம் மிகுதி. சவரக்கத்திக்கு ஒரு நிறம், கோடரிக்கு வேறொரு நிறம். வெப்பமானி இல்லாத பட்டறையில் கொல்லரின் கண்ணே வெப்பமானி.

உரமில்லாத இரும்பு என்ன செய்யும் என்பதைத் துறைமுக நகரத்தில் வாழும் நாம் ஒரு கப்பலைக் கொண்டே சொல்லலாம். 1943ஆம் ஆண்டு சனவரி 16ஆந் தேதி, அமெரிக்காவின் போட்லாண்ட் நகரில் 'ஸ்கெனெக்டடி' என்னும் புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், கடலோட்டப் பரீட்சையை முடித்துத் திரும்பி, அமைதியான நீரில் கட்டப்பட்டிருந்தது. புயலில்லை, குண்டு வீழவில்லை. குளிர்ந்த இரவில் பேரோசையுடன் அது நடுவே பிளந்தது. ஒட்டுவேலையின் குறைகளிலிருந்து பிளவு தொடங்கியது. குளிரில் நொறுங்கும் தன்மை பெற்றிருந்த உருக்கு அதைத் தடுத்து நிறுத்தவில்லை. இத்தகைய முறிவுகளின் பின்னரே, பிரான்சு நாட்டவரான சார்பி என்பவர் 1901ஆம் ஆண்டில் விளக்கிய ஊசற் பரீட்சையைக் கப்பல் உருக்குக்கும் கட்டாயமாக்கும் எண்ணம் வலுப்பெற்றது. கனத்த ஊசலொன்று வீசிவந்து வெட்டுத் தடமிட்ட உருக்குத் துண்டை அடிக்கும். அடித்தபின் ஊசல் எவ்வளவு உயரம் எழும்புகின்றது என்று பார்ப்பார்கள். துண்டு உரமுள்ளதாயின் ஊசலின் வலிமையை அதுவே விழுங்கிவிடும். நொய்ந்ததாயின் ஊசல் துள்ளி மேலே போகும்.

நம்மிடம் ஊசல் இல்லை. ஓர் அரம், தும்புக்கயிறு, வேப்பம் விறகு, பழைய வேலியிலிருந்து பிடுங்கிய பாலைமரக் கட்டையொன்று, டச்சுக்குடாவில் மொண்ட கடல்நீர் ஒரு வாளி ஆகியவையே நம் ஆய்வுகூடம்.

முதலில் அரம். புதிய அரத்தை அலகின் வாயில் மெல்ல இழுத்தோம். பளபளப்பான கத்தியில் அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. கொல்லரின் கத்தியில் சிறிது பற்றியது. சுவீடன் கத்தியில் அதைவிடச் சிறிதாகப் பற்றி வழுக்கிற்று. தந்தையாரின் கத்தியில் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் ஓடிற்று. கடினத்தில் அதுவே முதன்மை.

இரண்டாவது கயிறு. நான்கையும் ஒரே கல்லில் தீட்டி, பெருவிரல் தடிப்புள்ள தும்புக்கயிற்றைப் பலகைமேல் வைத்து அறுத்தோம். பத்து வெட்டுக்கொருமுறை பத்திரிகைத் தாளை வெட்டிப் பார்த்தோம். பளபளப்பான கத்தி இருபது வெட்டுக்குள்ளேயே தாளைக் கிழிக்கத் தொடங்கியது. கொல்லரின் கத்தி அறுபது வரையில் நின்றது. சுவீடன் கத்தி நூற்றை எளிதாகத் தாண்டியது. தந்தையாரின் கத்தி அதையும் கடந்து போயிற்று. நம் முகத்தில் பெருமிதம் தோன்றியதை இல்லாள் கவனித்திருக்க வேண்டும். "அடுத்த பரீட்சைக்குப் பிள்ளையைப் பத்தடி தள்ளி நிக்கச் சொல்லுங்கோ" என்றார்.

மூன்றாவது விறகு. மணிக்கட்டுத் தடிப்புள்ள வேப்பம் விறகின் தலையில் அலகை வைத்து, கத்தியின் முதுகில் கட்டையால் அடித்துப் பிளப்பது. காட்டில் மழைநாளில் உள்ளே உலர்ந்த விறகை எடுக்க வேறு வழியில்லை. பளபளப்பான கத்தி ஐந்தாவது அடியிலே பிடியை விட்டுக் கழன்றது. உள்ளே பார்த்தபோது காரணம் விளங்கிற்று. தீக்குச்சி வைக்க இடம் வேண்டுமென்று பிடியை வெறுங்குழாயாக்கி, அலகின் வாலைச் சுண்டுவிரல் நுனியளவில் குறுக்கி, ஒரு சுரையாணியால் இறுக்கியிருந்தார்கள். கடலில் நிகழ்ந்ததும் இதுவே. முறிந்தது உருக்கன்று; அலகும் பிடியும் கூடும் இடம்.

கொல்லரின் கத்தி விறகை ஓசையின்றிப் பிளந்தது. சுவீடன் கத்தி முப்பது அடிவரை தாங்கிற்று. பிறகு நாம் நிறுத்திக்கொண்டோம்.

தந்தையாரின் கத்தியை எடுத்தோம். ஏழு அடிகள் நன்றாகப் போயின. எட்டாவது அடியில் விறகின் கணுவில் அலகு பட்டது. மணியடித்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. அலகின் முன்பாதி தெறித்துப் பறந்து, பின்னால் இருந்த தகர வேலியில் மோதி விழுந்தது. மகன் முதலில் நின்றிருந்த இடம் அதற்கு இரண்டு சாண் இடப்புறம்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மகன் வேலியோரம் சென்று அந்தத் துண்டை எடுத்துவந்து நம் கையில் வைத்தான். முறிந்த முகம் சர்க்கரைக் கட்டிபோல் மணிமணியாய், சாம்பல் நிறத்தில் இருந்தது. வளைந்த அடையாளம் எள்ளளவும் இல்லை. "இதால வெட்டு, அடியாத" என்ற சொல் முப்பது ஆண்டுகளின் பின் அப்போதுதான் நமக்குப் பொருள்பட்டது. அரத்தின் உருக்கில் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட பங்கு கரி உண்டு. பிற இரும்பை அராவ வேண்டியதாதலால் அதை மிகக் கடினமாகவே விட்டுவிடுகின்றார்கள். தந்தையார் அந்தக் கடினத்தைக் குறைக்காமல், சாணையில் நீர் ஊற்றி ஊற்றித் தேய்த்திருக்கின்றார். அதன் பலம் எது, பலவீனம் எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவர்கள் நாமே.

இனி எஞ்சியவை இரண்டு. பாலைமரக் கட்டையில் நுனியை ஒரு சென்ரிமீற்றர் அளவு இறக்கிப் பக்கவாட்டில் நெம்பினோம். சுவீடன் கத்தியின் நுனியில் நகத்துணுக்கு அளவு உடைந்தது. கொல்லரின் கத்தி உடையவில்லை. நுனி சற்று வளைந்து அப்படியே நின்றது. கல்லின்மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டியதும் நேராயிற்று. பிறகு அதை வைசில் இறுக்கி முப்பது பாகை வரை வளைத்தோம். விட்டவுடன் நிமிர்ந்தது. லொறியின் பாரத்தைப் பல்லாயிரம் மைல் சுமந்து வளைந்து வளைந்து நிமிர்ந்த இரும்பு அல்லவா? பழைய புத்தி போகவில்லை. சுவீடன் கத்தியை வைசில் வைக்க நாம் துணியவில்லை. மைத்துனர் தந்த பரிசை முறிப்பது உறவுக்கு நல்லதன்று.

கத்தியை வளைத்துப் பார்ப்பது நம் கற்பனை என்று நேயர்கள் கருத வேண்டாம். 1976ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தில், ஒரு கொல்லர் தேர்ச்சி பெற வேண்டுமாயின் தாம் செய்த கத்தியால் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். மரச்சட்டத்தைக் கொத்தித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அதே அலகு கை மயிரைச் சிரைக்க வேண்டும். கடைசியில் வைசில் இறுக்கித் தொண்ணூறு பாகை வளைத்தாலும் அது முறியக்கூடாது. வரிசையைப் பாருங்கள். முதலில் கூர், பிறகு அடி, மீண்டும் கூர், இறுதியில் உரம். ஒரே அலகில் இரு குணத்தையும் கேட்கின்றார்கள்.

கடைசிப் பரீட்சை உப்பு நீர். இரவு முழுவதும் வாளியில் ஊறவைத்தோம். காலையில் கொல்லரின் கத்தி செங்காவி பூசியதுபோல் துருவேறியிருந்தது. பளபளப்பான கத்தியின் அலகில், "துருப்பிடிக்காது" என்று பொறித்த எழுத்தின் மேலேயே கபிலப் புள்ளிகள் தோன்றியிருந்தன. சுவீடன் கத்தி கழுவித் துடைத்தவுடன் புதியதுபோல் இருந்தது. அதன் உருக்கில் நூற்றுக்குப் பதின்மூன்றரைப் பங்கு குரோமியம் கலந்திருக்கின்றது. துருவைத் தடுப்பது அதுவே.

முடிவுகளோடு கொல்லரைத் தேடிப் போனோம். எழுபதை நெருங்கும் பெரியவர். பட்டறையில் அவரும் ஓர் உதவியாளும் மாத்திரம். பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போய்விட்டார்கள். பட்டியலை வாசித்துக் காட்டியபோது புன்னகைத்தார். "தம்பி, கூர் போனா வீட்டுக் கல்லில தீட்டலாம். துரு வந்தா எண்ணெய் பூசலாம். முறிஞ்சா என்ன செய்வியள்? அதுதான் நான் நீலத்துக்குக் கிட்ட விடுறது" என்றார். தம் கத்தி கயிற்றில் இரண்டாம் தரமென்பதை அவர் மறுக்கவில்லை. தெரிந்தே விட்டுக்கொடுத்த குறை அது.

இத்தகையவரின் கையறிவு இந்நாட்டில் நேற்றுப் பிறந்ததன்று. பலாங்கொடைப் பக்கத்தில் சமனலவெவப் பிரதேசத்தில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய இரும்பு உலைகளின் எச்சங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவை கி.பி. ஏழாம் நூற்றாண்டுமுதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலானவை. ஆங்கில ஆய்வாளரான கில் ஜுலெஃப் அம்மையார் அதே முறையில் உலை கட்டி, 1994ஆம் ஆண்டில் பருவக்காற்றில் எரித்துப் பார்த்தார். இரும்போடு உயர்ந்த கரிச் செறிவுள்ள உருக்கும் கிடைத்தது. 1996ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் அதை வெளியிட்டார். அக்காற்றையே நாம் இங்கே கச்சான் என்கின்றோம். மலையைத் தாண்டி நம் கரைக்கு வரும்போது அது உலர்ந்துவிடுகின்றது. மீனவரின் படகை வெளிக்கடலுக்குத் தள்ளியதும் அந்தக் காற்றே.

ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு ஒன்று புறநானூற்றில் உண்டு, தொண்ணூற்றைந்தாவது பாட்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய்பூசி, மாலை சூடிக் காவலுக்குள் அழகாய் இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோல் இகழ்ந்து, இகழ்வதுபோல் புகழ்கின்றார் அம்மூதாட்டி. வகுப்பில் தமிழாசிரியர் அதை விளக்கியபோது நயத்தை மாத்திரம் சுவைத்தோம். நகரக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் திசையறி கருவியோடு மின்னிய கத்தியையும், பட்டறை மூலையில் கரிபடிந்து கிடந்த கத்தியையும் அடுத்தடுத்துக் கண்ட பின்னர், அந்தக் கிழவி நம் தோளில் தட்டிச் சொன்னதுபோல் இருந்தது.

கத்தி வாங்கப் போகும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். பிடியைப் பார்த்து வாங்குங்கள். அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் போகின்றது என்று கேளுங்கள். வெறுங்குழாய்ப் பிடியை விலக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். சற்றே பற்றினால் நன்று, எளிதாக அராவினால் கூர் நில்லாது, சிறிதும் பற்றாமல் வழுக்கினால் அந்தக் கத்தியை அடிக்கவும் நெம்பவும் வேண்டாம். அலகின் வாயைப் பித்தளைக் கம்பியொன்றின்மேல் சற்றே அழுத்தி வெளிச்சத்திற் பாருங்கள். வாய் இலேசாக வளைந்து மீண்டால் தோய்ச்சல் நல்லது, சிதறினால் கடினம் மிகுதி, வளைந்தபடியே நின்றால் மென்மை மிகுதி. கடலுக்குக் கொண்டுபோவதாயின் தரையில் ஒரு கயிற்றை முதலில் அறுத்துப் பாருங்கள். காட்டுக்காயின் ஒரு விறகைப் பிளந்து பாருங்கள். அவ்வேளை கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். பிள்ளைகளைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். இதை நம் இல்லாளின் பெயரால் சொல்கின்றோம். வேலை முடிந்தால் கத்தியை உறையிலிட்டு வீட்டில் வையுங்கள். கடைத்தெருவுக்கு அது வேண்டியதில்லை.

மீனவருக்கு என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். கயிறு அறுக்கவும் உப்புக்கும் சுவீடன் கத்தியே ஏற்றது என்று உண்மையைச் சொல்லி, அதையே அவரிடம் நீட்டினோம். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கயிறொன்றை அறுத்து, "நல்ல சாமான்தான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு திருப்பித் தந்துவிட்டார்.

"இது கடலில விழுந்தா நான் நோர்வேக்குப் போறதே மாஸ்டர்? கொல்லர் இஞ்ச இருக்கிறார். விழுந்தா இன்னொண்டு அடிச்சுத் தருவார். நான் விடிய எழும்பித் தீட்டி, எண்ணெய் பூசிக்கொண்டு போறன்."

நம் புள்ளித்தாளில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. கத்தியின் உரத்தை அளந்தோம். கத்தியைச் செய்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதன் பெறுமதியை அளக்க மறந்துவிட்டோம். அவர் கொல்லரின் கத்தியை எடுத்துக்கொண்டு, அந்தப் பழைய பிடியை நம் மேசைமேல் விட்டுச் சென்றார்.

தந்தையாரின் கத்தி முறிந்த கதையைக் கொல்லரிடம் சொன்னபோது, எஞ்சிய அடிப்பாதியைக் கொண்டுவரச் சொன்னார். நெருப்பில் மெல்லக் காட்டி வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தி, நுனியைச் சாணையிற் பிடித்து நான்கு விரல் நீளத்தில் ஒரு சிறு கத்தியாக்கித் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். இப்போது அது நம் அடுக்களையில் இருக்கின்றது. கீரை அரியவும் பலாக்கொட்டை சீவவும் அதற்கு நிகர் வேறில்லை என்கின்றார் இல்லாள். ஒரு விதி மாத்திரம் உண்டு. மகனுக்கும் அதைச் சொல்லிவைத்திருக்கின்றோம், இம்முறை காரணத்தோடு.

அவனுடைய கேள்விக்கு விடை இன்னும் பாக்கியாயிருந்தது. பூசை முடிந்த மறுநாள், விஜயதசமியன்று, பலகையிலிருந்து சாமான்களை எடுத்துவைத்தபோது அந்தப் பிடியை அவனிடமே கொடுத்தோம். உள்ளே எட்டிப் பார்த்தான். குழாயின் வெறுமையையும், வால் இருந்த சிறு துளையையும் விரலால் தடவினான். "உள்ளுக்கு ஒண்டுமே இல்லையே அப்பா" என்றான்.

அதை அறிவித்ததற்காகத்தான் அந்தப் பிடிக்கு ஒரு பொட்டு.